பிரசங்கபீடம் கிடைக்காத பிரசங்கிகள்: 17ஆம் நூற்றாண்டுப் பெண் தீர்க்கதரிசிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே நின்று பிரசங்கித்த பெண்களைப் பற்றி வாசிப்புக் குழுக்களிலும் சபைப் பெண்கள் கூட்டங்களிலும் பேசி வருகிறேன். எங்கே பேசினாலும் முடிந்ததும் வருவது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, என்னால் முடிந்த அளவு பதிலும் எழுதியிருக்கிறேன். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் திரும்பச் சொல்வதில்லை.

அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே என்றால் என்ன? இவர்கள் யாரை விட்டுப் பிரிந்தார்கள்?

அன்றைய இங்கிலாந்தில் திருச்சபை அரசின் ஓர் அங்கம். ராஜாவே அதன் தலைவர். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோவிலுக்குப் போகாதவர்களுக்கு அபராதம் உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் குருவானவருக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த ஜெபத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்பதுகூட அச்சிட்ட புத்தகத்தில் முடிவாகியிருந்தது. இதை மனசாட்சிப்படி ஏற்க முடியாதவர்கள் தனியாகக் கூடத் தொடங்கினார்கள்.

அவர்களிலும் பல பிரிவுகள். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்றவர்கள் தனிச்சபையார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது என்றவர்கள் பாப்டிஸ்டுகள். தானியேல் புத்தகத்தில் நான்கு பேரரசுகள் விழுந்தபின் கிறிஸ்துவின் ராஜ்யம் ஐந்தாவதாக வரும், அதுவும் தங்கள் காலத்திலேயே வரும் என்று காத்திருந்தவர்கள் ஐந்தாம் ராஜ்யத்தார். 1650-களில் வேகமாகப் பரவிய குவேக்கர்கள், கிறிஸ்துவின் ஒளி எல்லா மனிதருக்குள்ளும் இருக்கிறது, குருவும் சடங்கும் தேவையில்லை என்றார்கள். மௌனமாகக் கூடி உட்காருவார்கள். ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து பேசுவார்.

பிரசங்கிக்கும் தீர்க்கதரிசிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்றுதானே?

அன்று ஒன்றல்ல. பிரசங்கி என்பவர் வேத வசனத்தை எடுத்துத் தன் அறிவைக்கொண்டு விளக்குபவர். அது ஒரு பதவி, பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்களுக்கு உரியது. தீர்க்கதரிசி தன் பேச்சைத் தன்னுடையது என்றே சொல்வதில்லை. கடவுள் என் வாயால் பேசுகிறார் என்பார். வேதாகமத்திலேயே தெபொராள், உல்தாள், அன்னாள் என்று தீர்க்கதரிசினிகள் இருப்பதால், மிகக் கண்டிப்பான போதகரால்கூட அந்த வாசலை ஒரேயடியாகச் சாத்த முடியவில்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் "நான் போதிக்கிறேன்" என்றால் வாயை மூடு என்பார்கள். "கர்த்தர் சொல்கிறார்" என்றால் ஒரு கணமாவது தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில்தான் இவர்களில் பலர் பேசினார்கள். குவேக்கர்கள் மட்டும் இந்த வித்தியாசத்தையே அழித்தார்கள். ஆவி ஏவாத பிரசங்கம் பிரசங்கமே அல்ல என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் ஆவி யாரை ஏவினாலும் அது பிரசங்கம்தான்.

சரி, 1640 முதல் 1660 வரை அந்த இருபது வருஷத்தில் மட்டும் ஏன் இத்தனை பேர் கிளம்பினார்கள்?

1641-இல் நட்சத்திர மண்டப நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது. அச்சகங்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது அதுதான். 1642-இல் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1646-இல் பிஷப்புகளின் பதவியே ஒழிந்தது. 1649 ஜனவரி 30 அன்று ராஜா முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. யாருடைய அனுமதி வேண்டும் என்று கேட்க ஆள் இல்லாமல் போனது ஒரு பக்கம். இப்படியெல்லாம் நடக்கிறதென்றால் உலகத்தின் கடைசிக் காலம் நெருங்கிவிட்டது என்று சாதாரண ஜனங்கள் உண்மையிலேயே நம்பினது இன்னொரு பக்கம்.

இதோடு, பலர் கவனிக்காத ஒரு காரணமும் உண்டு. பிரிந்துபோன சபைகள் பலவற்றில் அங்கத்தினராகச் சேர வேண்டுமானால், கடவுள் தன் உள்ளத்தில் என்ன செய்தார் என்று சபையின் முன் சாட்சி சொல்ல வேண்டும். பெண்களும் சொன்னார்கள். வீட்டுக்கு வெளியே, ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்கத் தன் உள்ளத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் அங்கேதான் வந்தது. போரும் அச்சகமும் வாய்ப்பைத் தந்தன, பேச்சுப் பயிற்சியைத் தந்தது சாட்சிதான் என்பது என் எண்ணம்.

வேதத்தை அப்படியே நம்பினவர்கள்தானே இவர்கள்? "பெண்கள் சபையில் பேசக்கூடாது" என்று பவுல் எழுதினதை எப்படித் தாண்டினார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இவர்கள் யாரும் அந்த வசனத்தைத் தாண்டிப் போகவில்லை. அதற்குள்ளேயே இறங்கி வாதாடினார்கள். எதிர்ப்பவர்கள் கையில் இரண்டு வசனங்கள் இருந்தன: 1 கொரிந்தியர் 14:34, 1 தீமோத்தேயு 2:12. பெண்கள் கையில் யோவேல் 2:28 இருந்தது: "உங்கள் குமாரரும் உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவார்கள்." பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துச் சொன்னதும் இதே வசனத்தைத்தான். பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகள் 21:9 சொல்கிறது.

இதை முழுமையான வாதமாக எழுதியவர் மார்கரெட் ஃபெல். பெண்கள் பேசுவது வேதப்படி நியாயமே என்று தலைப்பிலேயே அறிவிக்கும் அவருடைய சிறுநூல் 1666-இல் வந்தது. லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்துகொண்டு எழுதினார். அவருடைய வாதத்தின் கூர்மையைப் பாருங்கள். அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பவுல் ஒழுங்கு சொல்கிறார். பேசவே கூடாது என்றால் இந்த ஒழுங்கு எதற்கு? ஆகவே 14ஆம் அதிகாரத்தின் தடை அந்தச் சபையில் குழப்பம் செய்தவர்களுக்கு மட்டுமே என்று முடிவு செய்கிறார். அப்புறம் உயிர்த்தெழுதலுக்கு வருகிறார். சீஷர்கள் கலங்கி ஒதுங்கியிருந்தபோது கல்லறைக்குப் போனவர்களும் பெண்கள், அந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்தவர்களும் பெண்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் உலகத்துக்கு அந்தச் செய்தி எப்படி வந்திருக்கும் என்று கேட்கிறார். பெண் பேசக்கூடாது என்று சொல்லும் குருக்களே மரியாளின் பாட்டைத் தங்கள் ஜெபப்புத்தகத்தில் வைத்துக்கொண்டிருப்பதையும் அவர் விடவில்லை.

இந்த மாதிரி எழுதணும் என்றால் படித்த, வசதியான வீட்டுப் பெண்களாகத்தானே இருக்கணும்?

சிலர் அப்படித்தான். மார்கரெட் ஃபெல் ஒரு நீதிபதியின் மனைவி. வடமேற்கு இங்கிலாந்தில் உல்வர்ஸ்டன் அருகே இருந்த அவருடைய ஸ்வார்த்மூர் வீடுதான் ஆரம்பகாலக் குவேக்கர்களுக்குத் தலைமையகம் போல இருந்தது. எலினார் டேவிஸ் ஒரு பிரபுவின் மகள்.

ஆனால் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிட்டவர்கள். மேரி ஃபிஷரும் டோரதி வாவும் வீட்டு வேலைக்காரிகள். அன்னா டிராப்னெல் லண்டன் கிழக்கே பாப்லரில் கப்பல் கட்டும் தொழிலாளி ஒருவரின் மகள். திருமதி அட்டவே சரிகைப் பின்னல் விற்றவர். கேத்தரின் சிட்லி ராணுவத்துக்குக் காலுறை விற்றவர். அதே சிட்லிதான் 1641-இல் தாமஸ் எட்வர்ட்ஸ் என்ற பெயர்பெற்ற போதகருக்கு மறுப்பு எழுதினார். விசுவாசியான மனைவியின் மனசாட்சிமேல் அவிசுவாசியான கணவனுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று அதில் நேராகவே கேட்டார்.

அன்னா டிராப்னெல் நாள்கணக்கில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு பாடினார் என்கிறார்களே, அது நடிப்பா, நோயா?

1654 ஜனவரியில் ஐந்தாம் ராஜ்யத்தாரின் போதகர் வாவசர் பவல் விசாரணைக்காக வைட்ஹாலுக்கு அழைக்கப்பட்டிருந்தார். அவருக்காகக் காத்திருந்த கூட்டத்தில் அன்னாவும் ஒருவர். அங்கேயே பரவசநிலை அடைந்தார். பக்கத்திலிருந்த ஒரு விடுதியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு நாள் கண்மூடியபடியே ஜெபமும் பாட்டுமாகப் பேசினார். முதல் ஐந்து நாள் ஒன்றும் உண்ணவில்லை. பிறகு நாளுக்கு ஒருமுறை பீரில் நனைத்த சிறு ரொட்டித்துண்டு. பார்க்க ஜனங்கள் குவிந்தார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காதில் விழுந்த அளவு எழுதிக்கொண்டார். அது அதே ஆண்டில் அச்சாகி வந்தது.

நடிப்பா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். உபவாசமும் தரிசனமும் அந்தச் சபைகளுக்குப் புதியவை அல்ல. 1647-இல் சாரா வைட் என்ற இளம்பெண் வாரக்கணக்கில் உண்ணாமல் படுத்திருந்து ஆறுதல் தேடி வந்தவர்களிடம் பேசியதையும் மக்கள் பார்த்திருந்தார்கள். நோய் என்று சொல்லி முடித்துவிடுவதும் அன்னாவுக்குச் செய்யும் நியாயமல்ல. அவர் பாடியதில் கிதியோனும் தானியேல் புத்தகத்தின் கொம்புகளும் ராணுவத் தலைவர் ஆலிவர் குரோம்வெல்லும் தெளிவாக வருகிறார்கள். அதற்கு முந்தைய மாதம், 1653 டிசம்பரில்தான் குரோம்வெல் நாட்டின் காவலர் என்ற பட்டத்தை ஏற்று ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தார். கிறிஸ்து உட்கார வேண்டிய இடத்தில் இவர் உட்கார்ந்துவிட்டார் என்பதே அன்னாவின் குற்றச்சாட்டு. படுத்திருந்த உடம்பு வலுவற்றது, வெளிவந்த பேச்சு கூர்மையானது. கேட்டவர்களை உலுக்கியது இந்த முரண்தான்.

அப்படியானால் இவர்கள் அரசியலும் பேசினார்களா?

அரசியலும் பக்தியும் அன்று பிரிந்திருக்கவில்லை. எலிசபெத் பூல் என்ற பெண்ணை 1648 டிசம்பர் 29 அன்றும் 1649 ஜனவரி 5 அன்றும் ராணுவத் தளபதிகளின் குழு தன் கூட்டத்திலேயே அழைத்துக் கேட்டது. ராஜாவை என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ராஜா தேசத்துக்குக் கணவன் போன்றவர் என்றார் பூல். கொடுமைக்காரக் கணவனின் கையை மனைவி பிடித்துத் தடுக்கலாம், உயிரை எடுக்க முடியாது. அதேபோல ராஜாவை விசாரியுங்கள், கொல்லாதீர்கள். தளபதிகள் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, இது கடவுள் தந்த வார்த்தையா உன் சொந்த யோசனையா என்பதைத்தான். இரண்டாவது பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கே வேலை செய்வதைப் பாருங்கள். மூன்றரை வாரத்தில் ராஜாவின் தலை விழுந்தது.

பரவசம் இல்லாமலும் அரசியல் எழுதியவர்கள் உண்டு. மேரி கேரி தானியேலையும் வெளிப்படுத்தலையும் வைத்துக் காலக்கணக்குப் போட்டு 1651-இல் எழுதினார். ஐந்தாம் ராஜ்யத்தில் பெண்களும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்தே எழுதினார்.

சொன்னதெல்லாம் பலித்ததா?

பெரும்பாலும் இல்லை. ஐந்தாம் ராஜ்யம் வரவில்லை. 1660-இல் பழைய ராஜாவின் மகன்தான் வந்தார்.

எலினார் டேவிஸின் கதை மட்டும் இன்றும் வியக்க வைக்கிறது. நியாயத்தீர்ப்புக்கு இன்னும் பத்தொன்பதரை ஆண்டு என்று தானியேல் தீர்க்கதரிசியின் குரல் தன்னிடம் சொன்னதாக 1625 ஜூலையில் அறிவித்தார். அவர் எழுதியதைக் கணவர் ஜான் டேவிஸ் நெருப்பில் போட்டார். மூன்றாண்டுக்குள் நீங்கள் இறப்பீர்கள் என்று சொல்லி அன்றே துக்க உடை அணிந்துகொண்டார் எலினார். 1626 டிசம்பரில் கணவர் திடீரென இறந்தார். 1633-இல் ஆம்ஸ்டர்டாம் போய்த் தன் நூல்களை அச்சிட்டுக் கொண்டுவந்தபோது பேராயர் வில்லியம் லாட் அவற்றைக் கொளுத்தினார். எலினாருக்கு 3,000 பவுண்டு அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன. பிற்பாடு லிச்ஃபீல்டு பேராலயத்தில் பிஷப்பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்ததற்காகப் பெட்லாம் மனநோய் விடுதிக்கு அனுப்பினார்கள். பேராயர் லாடின் தலை வெட்டப்பட்டது 1645 ஜனவரி 10 அன்று. 1625 ஜூலையிலிருந்து பத்தொன்பதரை ஆண்டு.

இதை நான் அற்புதம் என்று சொல்லவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட சிறுநூல்களில் அவர் சொன்ன பலவும் நடக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

கல்யாணமானவர்கள் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டா போனார்கள்?

சிலர் போனார்கள். கேத்தரின் எவன்ஸும் சாரா சீவர்ஸும் கணவரும் பிள்ளைகளும் உள்ள நடுத்தர வயதுப் பெண்கள். 1658-இல் அலெக்சாந்திரியாவுக்கு என்று கப்பல் ஏறினார்கள். வழியில் மால்டாவில் இறங்கித் தங்கள் விசுவாசத்தைப் பேசினதற்காகக் கத்தோலிக்க விசாரணை மன்றம் அவர்களைச் சிறைப்பிடித்தது. சுமார் மூன்றரை ஆண்டு உள்ளே இருந்தார்கள். ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்து வைத்தார்கள், மதம் மாறச் சொல்லி அழுத்தினார்கள், இருவரும் அசையவில்லை. அவர்கள் எழுதியதை டேனியல் பேக்கர் என்ற குவேக்கர் வெளியே கொண்டுவந்தார், 1662-இல் அச்சானது. அதில் கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதின கடிதங்கள் இருக்கின்றன. அன்பு குறைந்து போனவர்கள் எழுதக்கூடிய கடிதங்கள் அல்ல அவை.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பீர்கள். மார்கரெட் ஃபெல் முன்னின்று 1654-இல் கெண்டல் நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார். ஊழியத்துக்குப் போகிறவர்களின் பயணச் செலவு, துணி, காலணி, சிறையில் இருப்பவர்களின் தேவை எல்லாம் அதிலிருந்து போயின. ஒரு வேலைக்காரப் பெண்ணால் நாடு விட்டு நாடு போக முடிந்ததற்கு ஆவியின் ஏவுதல் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்குப் புத்தகமும் ஒரு காரணம்.

கல்யாணமாகாதவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாக வந்தது. கார்ன்வாலில் அன்னா டிராப்னெலை விசாரித்த நீதிபதிகள், உனக்கு இங்கே என்ன வேலை, நிலமில்லை, கல்யாணமும் ஆகவில்லை என்ற தோரணையில் கேட்டார்கள். தடுக்க ஆளில்லை என்றால் கர்த்தர் சித்தப்படி நான் விரும்பின இடத்துக்கு ஏன் போகக்கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சூனியக்காரி என்று எரித்துவிட மாட்டார்களா?

இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு, எரிப்பது அல்ல. இந்தப் பிரசங்கிகளைச் சூனியக்காரிகள் என்று தூற்றியது உண்மை. கார்ன்வாலில் அன்னாவைப் பெரிய ஊசியால் குத்திச் சோதிக்க ஒரு பெண்ணைக் கொண்டுவரப் போவதாகப் பேச்சிருந்தது. 1656 ஜூலையில் மேரி ஃபிஷரும் ஆன் ஆஸ்டினும் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியதும் அவர்களுடைய புத்தகங்களைக் கொளுத்தி, சூனிய அடையாளம் தேடி ஆடை களைந்து சோதித்தார்கள். வெளியே யாரோடும் பேசிவிடக் கூடாதென்று சிறையின் ஜன்னலைப் பலகையடித்து மூடினார்கள். நிக்கோலஸ் அப்சால் என்ற முதியவர் சிறைக்காவலனுக்குப் பணம் கொடுத்துச் சாப்பாடு அனுப்பியதால் பிழைத்தார்கள்.

ஆனால் வழக்கமான தண்டனை சவுக்கடி. ஊர் சுற்றும் நாடோடிகளுக்கான சட்டத்தை இவர்கள்மேல் போட்டார்கள். 1653-இல் கேம்பிரிட்ஜில் கல்லூரி மாணவர்களோடு வாதாடியதற்காக மேரி ஃபிஷரையும் எலிசபெத் வில்லியம்ஸையும் மேயர் கம்பத்தில் கட்டி ரத்தம் வர அடிக்கச் செய்தார். முதல் குவேக்கர் பெண் பிரசங்கி என்று கருதப்படும் எலிசபெத் ஹூட்டனை, அறுபது வயது தாண்டியபின், மாசசூசெட்ஸில் மூன்று ஊர்களில் அடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

டோரதி வாவுக்கு 1655-இல் கார்லைல் ஊரில் நடந்ததை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். சந்தையில் பேசினதற்காக மேயர் அவர் தலையில் இரும்புக் கடிவாளம் மாட்டச் செய்தார். முகத்துக்குக் குறுக்கே கம்பிகள், நாக்கை அமுக்க வாய்க்குள் ஒரு இரும்புத் துண்டு, கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. மூன்று மணி நேரம். பார்க்க வந்தவர்களிடம் காவலன் ஆளுக்கு இரண்டு பென்னி வாங்கினான். இதையெல்லாம் டோரதியே எழுதி வைத்தார், அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. அந்தக் கடிவாளம் நாக்கைக் கட்டியது மூன்று மணி நேரம். அவருடைய எழுத்தை முந்நூற்று எழுபது ஆண்டு கழித்தும் வாசிக்கிறோம்.

ஒரு வேலைக்காரி துருக்கி சுல்தானையே போய்ப் பார்த்தாராமே, நம்பலாமா?

நம்பலாம். மேலே சொன்ன அதே மேரி ஃபிஷர்தான். துருக்கியின் துறைமுக நகரமான ஸ்மிர்னாவில் இருந்த ஆங்கிலேயத் தூதரக அதிகாரி அவரைத் திருப்பியனுப்பக் கப்பல் ஏற்றிவிட்டார். வழியில் இறங்கி, தரைவழியாக நடந்து, 1658-இல் எதிர்னேயில் முகாமிட்டிருந்த நான்காம் மெஹ்மெதைச் சந்தித்தார். அப்போது சுல்தானுக்குப் பதினாறு வயது. தான் அனுப்பப்பட்ட ராஜாவிடம் சாட்சி சொன்னதாகவும், அவரும் சுற்றியிருந்தவர்களும் தன்னிடம் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டதாகவும் மேரியே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மற்ற விவரங்கள், அதாவது சுல்தான் மௌனமாகக் காத்திருந்து கேட்டது, காவலர்களைத் துணைக்கு அனுப்ப முன்வந்தது எல்லாம் பின்னால் குவேக்கர்கள் எழுதின வரலாறுகளில் வருபவை. அவற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தே வாசிக்கிறேன். கேம்பிரிட்ஜ் மேயர் சவுக்கால் அடித்த பெண்ணைச் சுல்தான் மரியாதையாகக் கேட்டார் என்பதைச் சொல்லிக்காட்டுவதில் அவர்களுக்கு ஒரு தேவையும் இருந்தது.

இங்கிலாந்தில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. மாசசூசெட்ஸில் மருத்துவச்சி வேலை பார்த்த அன் ஹட்சின்சன் தன் வீட்டில் வாரக்கூட்டம் நடத்தினார். அறுபது எண்பது பேர் வந்தார்கள். 1637 நவம்பர் விசாரணையில் ஆளுநரையும் போதகர்களையும் வசனத்துக்கு வசனம் எதிர்கொண்டார். கடைசியில் கடவுள் தனக்கு நேரடியாக வெளிப்படுத்துகிறார் என்று அவரே சொன்னதும் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. அவர் பக்கம் நின்ற மேரி டயர் பிறகு குவேக்கரானார். பாஸ்டனுக்குள் வந்தால் மரணம் என்று சட்டம் இருந்தும் திரும்பத் திரும்ப வந்தார். 1659-இல் கழுத்தில் கயிறு மாட்டியபின் விட்டார்கள், மறுபடி வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள்.

பிரான்சில் கதை வேறு. புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்து அரசாணையை 1685-இல் பதினான்காம் லூயி ரத்து செய்தபின் புராட்டஸ்டண்ட் போதகர்கள் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. போதகர் இல்லாத மந்தையில் சிறுமிகள் பேசத் தொடங்கினார்கள். 1688 பிப்ரவரியில் தொஃபினே மலைப்பகுதியில் ஆடு மேய்த்த இசபோ வென்சான் என்ற பதின்வயதுப் பெண், தூக்கத்திலேயே சங்கீதம் பாடிப் பிரசங்கித்தாள். கேட்க இரவுகளில் கூட்டம் வந்தது. ஜூனில் கைது செய்தார்கள். ஆனால் அந்தத் தீர்க்கதரிசன அலை ஓயவில்லை. 1702-இல் செவென் மலைகளில் வெடித்த கலகம் வரை போனது.

எதிரிகள் எழுதி வைத்ததைத்தானே நாம் படிக்கிறோம்? எவ்வளவு உண்மை?

பாதி நியாயமான சந்தேகம். திருமதி அட்டவே லண்டன் கோல்மன் தெருப் பக்கம் பெல் சந்தில் வாராவாரம் பிரசங்கித்தார், நூற்றுக்கணக்கில் கூட்டம் வந்தது, அப்புறம் கணவரை விட்டு வேறொரு திருமணமான ஆணோடு போய்விட்டார் என்பதெல்லாம் தாமஸ் எட்வர்ட்ஸ் 1646-இல் எழுதியது. ஆமாம், சிட்லி மறுப்பு எழுதிய அதே எட்வர்ட்ஸ். பிரிவினைச் சபைகள் எல்லாம் அசிங்கம் என்று நிரூபிப்பதற்காகவே தகவல் சேர்த்தவர். அட்டவேயின் சொந்த எழுத்து ஒரு வரிகூட நம் கையில் இல்லை. கூட்டம் வந்ததை நம்புகிறேன், அது எட்வர்ட்ஸுக்குச் சாதகமான தகவல் அல்ல. அந்தரங்கக் கதையை அப்படியே விழுங்கமாட்டேன்.

மறுபாதி: குவேக்கர்கள் தங்கள் காகிதங்களைச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்கக் குவேக்கர் பெயர்கள் அதிகமாக வருகின்றன. மற்றச் சபைகளில் பேசிய பெண்கள் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை.

கூட இருந்த ஆண்களாவது ஆதரித்தார்களா?

சிலர் முழு மனதோடு. குவேக்கர்களின் ஸ்தாபகர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1656-லேயே பெண்களின் பேச்சுரிமைக்காக எழுதினார். பிறகு 1669-இல் விதவையான மார்கரெட் ஃபெல்லை மணந்தார். பாப்டிஸ்ட் சபைகள் பலவும் பெண் சாட்சி சொல்லலாம், போதிக்கக் கூடாது என்று கோடு கிழித்தன. ஜான் பன்யன், பிரசங்கித்ததற்காகவே பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தவர், 1683-இல் பெண்கள் தனியாகக் கூடி ஜெபக்கூட்டம் நடத்துவதற்கு எதிராக எழுதினார். இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆபத்து வந்தபோது பழி விழுந்த இடத்தையும் பார்க்க வேண்டும். 1656 அக்டோபரில் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர் தலைவர், இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததைப் போல, குதிரையில் பிரிஸ்டலுக்குள் வந்தார். கூட வந்தவர்கள் பரிசுத்தர் பரிசுத்தர் என்று பாடினார்கள். நாடாளுமன்றம் அவர் நாக்கில் துளையிட்டு நெற்றியில் சூடு போட வைத்தது. அவரைக் கெடுத்தது மார்த்தா சிம்மன்ஸ்தான் என்று குவேக்கர்களே சொன்னார்கள். மார்த்தா தானே எழுதி அச்சிட்ட பிரசங்கி. அவரை ஒரு ஆணை மயக்கியவளாக மட்டும் பதிவுசெய்தது அநியாயம்.

அப்போ இவர்களைப் பெண்ணியவாதிகள் என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. அன்னா டிராப்னெலோ எலினார் டேவிஸோ பெண்களுக்கு உரிமை வேண்டும் என்று கேட்கவில்லை. பேசுவது நானல்ல என்பதே அவர்களுக்கு அனுமதிச் சீட்டு. அது கதவைத் திறந்தது, கூடவே ஒரு விலையும் கேட்டது: சொன்ன வார்த்தைக்கு உரிமை கொண்டாட முடியாது, ஆவி விட்டுப்போய்விட்டது என்று யாராவது முடிவு செய்தால் அவ்வளவுதான். பூலிடம் தளபதிகள் கேட்ட கேள்வியின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

மார்கரெட் ஃபெல்லும் சிட்லியும் வேறு இடத்தில் நிற்கிறார்கள். அவர்கள் கண்மூடிப் படுக்கவில்லை, வாதாடினார்கள். மனசாட்சி கணவனுடையதல்ல, ஆவி ஆண்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்று காரணம் காட்டினார்கள். அவர்களும் கேட்டது கடவுளுக்கு முன்பான சமத்துவம்தான். சொத்தையோ பதவியையோ அல்ல. அதை நம் காலத்துப் பெயரால் அழைக்காமலே மதிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? ஏன் யாருக்கும் தெரியவில்லை?

1660-க்குப் பிறகு அடக்குமுறை: 1662-இல் குவேக்கர் சட்டம், 1664-இல் கூட்டங்களைத் தடுக்கும் சட்டம். சிறைகள் நிரம்பின. பிழைத்துக்கொள்வதற்காகச் சபைகள் ஒழுங்கும் கண்ணியமும் காட்டத் தொடங்கின. குவேக்கர்கள் 1670-களிலிருந்து எதை அச்சிடலாம் என்று பார்க்க லண்டனில் ஆண் ஊழியர்களின் குழுவை வைத்தார்கள். ஆவேசமான தீர்க்கதரிசனங்கள் அங்கேயே நின்றுபோயின. 1689-இல் சகிப்புச் சட்டம் வந்து பிரிவினைச் சபைகள் சட்டப்படி கூடலாம் என்றானபின், பதிவு பெற்ற போதகர், கட்டிடம், மரியாதை என்று ஆனது. 1701-இல் அதே குவேக்கர் குழு, சில பெண்கள் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று குறைபட்டுக் குறிப்பு எழுதியது. துன்பம் இருந்தவரை பெண்களின் பேச்சு தேவைப்பட்டது, அங்கீகாரம் வந்ததும் அது சங்கடமானது. நான் வாசித்தவரை இது ஒரு சபையின் கதை மட்டுமல்ல.

ஆனாலும் முற்றிலும் நின்றுவிடவில்லை. குவேக்கர் பெண்கள் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் பிரசங்கித்தார்கள். மெதடிஸ்டுகளில் சாரா கிராஸ்பி 1761-இல் டார்பி ஊரில் சிறு வகுப்பு எடுக்கப் போய், இருநூறு பேர் வந்து நிற்கக் கண்டு பேசினார். மேரி பொசான்கே 1771-இல் மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லிக்கு எழுதி வேத ஆதாரங்களோடு வாதாடினார். உங்களுக்கு அசாதாரணமான அழைப்பு இருக்கிறது என்று வெஸ்லி ஒப்புக்கொண்டார். வெஸ்லி இறந்தபின் 1803-இல் மெதடிஸ்ட் மாநாடு பெண்கள் பொதுவில் பிரசங்கிக்க வேண்டியதில்லை, அழைப்பு இருந்தால் பெண்களுக்கு மட்டும் பேசலாம் என்று தீர்மானித்தது. மேரி பொசான்கே மேட்லி என்ற ஊரில், 1815-இல் இறக்கும்வரை, ஆண்களும் பெண்களுமாக வந்தவர்களுக்குப் பிரசங்கித்துக்கொண்டே இருந்தார்.